தாழ்மையும் தாழ்த்தலும்



பேருரைக்கு அழைத்த தோழர்கள் தலைப்பையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள். கிறிஸ்தவர்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளைத் தாழ்மையோடு அணுகுவது பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். போனில் இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. “தாழ்மையா? அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள், ஊர்த்தெருக் கிறிஸ்தவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்” என்றேன். யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த அய்யா இருந்திருந்தால், கோபத்தையும் வைத்துக்கொள், தலைப்பையும் வைத்துக்கொள், இரண்டையும் மேடைக்குக் கொண்டு வா என்றிருப்பார். அப்படித்தான் கொண்டு வந்திருக்கிறேன்.

தாழ்மை என்பது நான் சிறுமியாக இருந்தபோதிருந்து காதில் விழுந்த சொல். கல்லறைத் தோட்டத்துக்குப் பொதுவழி கேட்டபோது அதைச் சொன்னார்கள். சேகரக் கமிட்டியில் நம் ஆள் ஒருவர் செயலாளர் பதவிக்கு நின்றபோது சொன்னார்கள். சபை விருந்தில் நம் பெண்கள் பரிமாற எழுந்தபோதும் சொன்னார்கள். சொன்னவர் ஒவ்வொரு முறையும் மேலே நின்றுகொண்டிருந்தார், கேட்டவர்கள் கீழே இருந்தோம். இங்கே தமிழ் படிக்கிற மாணவர்கள் இருக்கிறீர்கள். தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை. தானாகக் குனிவது ஒன்று, தோளில் இன்னொருவர் கை வைத்து அழுத்துவது வேறொன்று. தாழ்த்தப்பட்டோர் என்று நம்மைச் சொல்லிக்கொண்ட காலத்தில், அழுத்திய கை ஒன்று இருக்கிறது என்று காட்டத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினோம். பிரசங்க பீடமோ இந்த இரண்டு வினைகளையும் ஒன்றாக்கிவிட்டது.

அப்படியிருந்தும் கடைசியில் நான் இந்தத் தலைப்பை ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் அம்மா. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் எங்கள் தெருவைக் காட்டிவிடுகிறேன்.

வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு காலனி. ஒரே தெருவில் மாதா கோயில், சி.எஸ்.ஐ. கோயில், தகடு போட்ட பெந்தெகொஸ்தே சபை. மாதா கோயிலில் நடப்பது பூசை, இப்போது திருப்பலி என்கிறார்கள். சி.எஸ்.ஐ.யில் ஆராதனை. சபையில் கூட்டம். ஒரு கூரைக்குக் கீழே தூய ஆவி, பக்கத்துக் கூரைக்குக் கீழே பரிசுத்த ஆவி. அவர்களுக்குக் கடவுள், இவர்களுக்குத் தேவன். 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் என்ற பெயரில் வந்தது. என் அப்பா அதை வாங்கி நாலு பக்கம் புரட்டிவிட்டு, “தேவன் எங்க போனாரு?” என்று கேட்டு மூடி வைத்தார். கடைசி வரை அவருக்குப் பழைய வேதாகமம்தான். குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தால் போதுமா, வளர்ந்த ஆளை முழுக்க முக்கி எடுக்க வேண்டுமா என்ற விஷயத்தில் எங்கள் தெருவில் ஓர் அண்ணனும் தம்பியும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. சிலுவையில் உருவம் இருக்கலாமா, தாலியைத் தவிர வேறு நகை போடலாமா, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டலாமா, எல்லாவற்றுக்கும் வழக்கு உண்டு.

இயக்கத் தோழர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. நிலம், தொழில், குடியிருக்கும் இடம் எதையும் எங்கள் ஜனங்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எப்படி ஜெபம் செய்வது என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காகச் சண்டை போடாமல் வேறு எதற்காகப் போடுவார்கள்?

சண்டை என்றால் தமிழ்க் கிறிஸ்தவத்தில் பெரிய பெரிய அறிஞர்கள் போட்ட சண்டை இருக்கிறது. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கருக்கும் எழுத்துப் போர் மூண்டது. வீரமாமுனிவர் வேத விளக்கம் எழுதி லுத்தரன்களை மறுத்தார். தரங்கம்பாடியிலிருந்து திருச்சபை பேதகம் என்று ஒரு நூல் வந்தது. பேதகமறுத்தல் என்று முனிவர் திருப்பி அடித்தார். தலைப்புகளே பேதத்தைப் பற்றியவை. ஆனால் அதே காலத்தில் இரண்டு பக்கத்துக் கோயில்களிலும் ஒரு விஷயம் பேதமே இல்லாமல் நடந்தது. பறையர் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். மதுரை மிஷனில், ராபர்ட் டி நொபிலி 1606இல் தொடங்கி வைத்த வழியில், மேல்சாதியினருக்கு ஒரு வகைக் குருக்களும் மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகளும் என்று பிரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டை உரோமையே ஏற்றுக்கொண்டது. தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் வெள்ளாளருக்கு ஓர் இடம், பறையருக்கு ஓர் இடம். இராப்போசனத்தில் வெள்ளாளர் முதலில், பறையர் பிறகு. அப்பமும் இரசமும் என்னவாக மாறுகின்றன என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். யார் முதலில் வாங்குவது என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் வரவில்லை.

ராஜநாயக்கன் என்ற பெயரை மாணவர்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சை அரசரின் படையில் இருந்த பறையர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் நற்செய்திப் பகுதி கைக்குக் கிடைத்தது. வாசித்தார். வாசித்துத் தானாக முடிவெடுத்து லுத்தரன் ஆனார். பட்டாளத்து வேலையை விட்டுத் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தார். 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள், தமிழர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குரு என்று இன்றும் கொண்டாடுகிறோம். ராஜநாயக்கனுக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது மிஷனரிகள் பின்வாங்கினார்கள். அவர் படிப்பிலோ ஒழுக்கத்திலோ குறை காணவில்லை. பறையர் கையால் வெள்ளாளர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் தடை. 1771இல் அவர் உபதேசியாராகவே இறந்தார்.

இந்த மனிதர் ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குத் தாண்ட முடிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சிப்பாய்க்கு அந்தச் சுவர் அவ்வளவு உயரமில்லை. இன்னொரு சுவரை அறுபது வயதிலும் தாண்ட முடியவில்லை. அதைத் தாண்டவிடாதவர்கள் தங்களைப் பொறுமைசாலிகள் என்றுதான் நினைத்திருப்பார்கள். சகோதரர்களின் பலவீனத்தைத் தாங்கிக்கொள்கிறோம், அவர்கள் பக்குவப்படட்டும் என்று. பக்குவப்படும் வரை காத்திருந்தவர் ராஜநாயக்கன்.

இதற்கு எதிர்க்கதையும் உண்டு. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாக, உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். சாதி மத விஷயமல்ல, நாட்டு வழக்கம், அந்நியர்களுக்கு எங்கள் வழக்கத்தின் மீது மரியாதை இல்லை என்பது அவர்கள் வாதம். பலர் வெளியேறினார்கள். பிற்பாடு ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் வந்தது. அது சாதி விஷயத்தில் மென்மையாகப் போனது, ஆங்கிலிகன்களிடம் கோபித்துக்கொண்டவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஆக, ஒருவர் ஆங்கிலிகனா லுத்தரனா என்ற கேள்விக்குப் பதில் பல ஊர்களில் மார்ட்டின் லூதரிடம் இல்லை, பந்தியில் இருந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், பறையர் சமைத்ததைச் சாப்பிடச் சம்மதிப்பதையே சாதியை விட்டதற்கு அடையாளமாக வைத்தார்கள். லைப்சிக்காரர்கள் அதில் சேரவில்லை. (அந்தச் சோதனையை வைத்த வெள்ளைக்காரர்களில் எத்தனை பேர் சேரியில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள் என்ற கேள்வியும் எனக்கு உண்டு. அவர்கள் பங்களாக்களின் சமையலறை நம் ஆட்களால்தான் ஓடியது, சாப்பாட்டு மேசை வேறு.)

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அந்தக் காலத்துப் பெரும் கவிஞர். எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் அவர் பாட்டுத்தான். அவரே புதிய மிஷனரிகளை எதிர்த்துச் சாதி ஆசாரங்களுக்கு ஆதரவாக எழுதியவர். அதற்காக அவர் பாட்டுகளை நிறுத்திவிடலாமா என்று ஒரு பயிற்சி முகாமில் ஒரு தம்பி கேட்டான். நிறுத்த வேண்டாம் என்றேன். எங்கள் பாட்டிகளின் தொண்டையில் இருநூறு வருஷமாக இருக்கும் பாட்டு அது, இனி அவர்களுடையது. எழுதியவர் யார், என்ன நினைத்தார் என்று சொல்லிவிட்டுப் பாடுவோம்.

பவுல் எழுதிய இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரோமருக்கு எழுதும்போது, ஒருவன் எல்லாம் சாப்பிடுகிறான், இன்னொருவன் காய்கறி மட்டும் சாப்பிடுகிறான், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், விடுங்கள், ஒருவரையொருவர் இகழாதீர்கள் என்கிறார். எவ்வளவு தாராளமான மனிதர் என்று தோன்றும். கலாத்தியருக்கு எழுதும்போது அதே ஆள் வேறு முகம் காட்டுகிறார். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிவிட்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராக எதிர்த்தார். பேதுரு எப்பேர்ப்பட்ட மூத்தவர்! தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், தாழ்மையாகச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

இரண்டும் சாப்பாட்டைப் பற்றியவைதான். முதலாவதில், என் இலையில் என்ன இருக்கிறது என்பது வழக்கு. இரண்டாவதில், உன் இலையை என் பக்கத்தில் போடலாமா என்பது வழக்கு. முதல் வழக்கில் விட்டுக்கொடுக்கலாம், விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். இரண்டாவதில் விட்டுக்கொடுத்தால் இலையோடு எழுந்து போகிறவர் வேறு ஒருவர். நம் சபைகளில் நடந்த மோசடி, இரண்டாவது வழக்கை முதலாவதைப் போல நடத்தியது. சாதியையும் ஒரு ‘வேறுபாடு’ என்று பட்டியலில் சேர்த்து, வேறுபாடுகளை மதிப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வழக்கைச் சபைகளால் நாகரிகமாகத் தீர்க்க முடியும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது. 1919இல், அதே தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்திய ஊழியர்களே கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். நாடார் சமூகத்திலிருந்து வந்த முதல் இந்திய ஆங்கிலிகன் பிஷப் அசரியா அதில் முன்னால் நின்றார். பிஷப் இல்லாத சபைக்காரர்களை பிஷப் உள்ள சபைக்காரர்கள் எப்படி ஏற்பது, முன்பே பட்டம் பெற்ற குருமார் தலையில் மறுபடி கை வைப்பதா வேண்டாமா, 28 வருஷம் பேசினார்கள். அசரியா 1945இல் இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பழகாத வழிபாட்டு முறையையோ, மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரையோ எந்தச் சபை மீதும் திணிக்க மாட்டோம் என்று ஒரு வாக்குறுதியும் கொடுத்துக்கொண்டார்கள். உலகமே வியந்து பார்த்த ஏற்பாடு. நானும் அதை மதிக்கிறேன். ஒருவர் தலையில் யார் கை வைத்தார்கள் என்பதற்காக 28 வருஷம் உட்கார்ந்து பேச முடிந்தவர்களால், அந்தக் கையைத் தொடலாமா கூடாதா என்ற சாதி விஷயத்துக்கு அதில் பாதிப் பொறுமைகூட ஒதுக்க முடியவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இறையூரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டம், பழைய கத்தோலிக்க ஊர். தலித் கத்தோலிக்கரின் சவ ஊர்வலம் முக்கிய வீதி வழியாகக் கோயிலுக்குப் போக முடியாது. எங்களைத் தனிப் பங்காக்குங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல், தலித் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியர்கள், அவர்களும் கத்தோலிக்கர்கள், அந்த வீடுகளிலும் ஜெபமாலை சொல்லித்தான் அழுதார்கள். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த நாட்களில் பல மேடைகளில் நான் கேட்ட புத்திமதி, ‘தனிப் பங்கு கேட்டுத் திருச்சபையைப் பிளக்காதீர்கள், தாழ்மையாக இருங்கள்’ என்பது. பிளவு எப்போதோ நடந்துவிட்டது. அதற்கு ஒரு பதிவு எண் கேட்டவர்களைத்தான் பிளவுவாதிகள் என்றார்கள்.

இதுவரை சொன்னதில் நமக்கு வசதியான ஒன்று இருக்கிறது. தவறு செய்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம். இனி இந்தப் பக்கம் வருகிறேன்.

அம்மா பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது சி.எஸ்.ஐ. குடும்பத்தில். அப்பாவின் குடி அதிகமான காலத்தில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கி, ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, தோட்டைக் கழற்றி, வெள்ளைப் புடவைக்கு மாறினார். நான் அப்போது கல்லூரியில். வெட்கமாக இருந்தது. அல்லேலூயா கும்பல் என்று தோழிகளோடு சேர்ந்து நானும் கேலி பேசினேன். முதுகலைச் சமூகவியலில் ஆய்வேட்டுக்குக்கூட இதைத்தான் எடுத்தேன், பெந்தெகொஸ்தேக்குப் போகும் தலித் பெண்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டால் அந்தப் பெண்கள், “சொகம் கெடச்சுது”, “சமாதானம் இருக்குது” என்றார்கள். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது, பொருளாதார நெருக்கடி. முடிவுரையில் போலி உணர்வு என்றும் எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவுவை, பரட்டை அண்ணனை, இங்கே பலருக்குத் தெரியும். 2005இல் மறைந்தார். நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தவர். ஒரே உலை என்று அவர் சொல்வதுண்டு. பல வீட்டு அரிசியை ஒரு பானையில் போட்டுப் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்று. எங்கள் தலைமுறைக்கு அது பெரிய திறப்பு. ஆர்மோனியத்தை ஓரம் வைத்துவிட்டுப் பறையைப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் அடித்தபோது நான் அழுதிருக்கிறேன். ஊர் ஊராகப் பறைப் பயிற்சி நடத்தினோம். சாவுக் கருவி என்று இழிவுபடுத்தினார்கள், நாங்கள் விடுதலை இசை என்று எடுத்தோம்.

அந்த வேகத்தில்தான் ஆயா செத்துப்போன நாள் வந்தது. அம்மாவைப் பெற்றவள். நான் பறைக் குழுவுக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அது வேணாம்மா” என்றார். நான் தெருவில் எல்லார் முன்னாலும் சத்தமாக, “ஒங்க பாஸ்டர் சொல்லிக் குடுத்தாரா?” என்று கேட்டேன். அம்மா பதில் பேசவில்லை. குழு வந்தது, அடித்தது, பிரமாதமாக அடித்தது. அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டு, பெற்ற தாயின் சவம் தெருவைத் தாண்டும் வரை அங்கேயே இருந்தார்.

அதற்கு மேல் எட்டு வருஷம் கழித்து ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். தாத்தா ஊர்ச் சாவுக்குப் பறை அடித்தவர். சிறுமியாக இருந்த அம்மா கூழ் கொண்டு போவார். ஊருக்குள் நுழைய முடியாது, வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். வெயிலில் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். ஊர்ப் பையன்கள் சில்லறையைப் புழுதியில் வீசுவார்கள், தாத்தா அடித்துக்கொண்டே குனிந்து பொறுக்க வேண்டும், அது ஒரு விளையாட்டு. கூலி கொஞ்சம் நெல்லும் கள்ளும். கள்ளைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஆயாவை அடிப்பார். “அந்தச் சத்தம் கேட்டாலே எங்கம்மா அடி வாங்கற சத்தந்தான் கேக்குது எனக்கு. அவங்க சாவுலயும் அத்தயே அடிக்கணுமா?”

விடுதலை இசை என்று நான் எடுத்ததை விட்டு வெளியே வந்ததுதான் அம்மாவுக்கு விடுதலை. ஐம்பது வயது வரை மேடை ஏறாத அந்தப் பெண்ணின் கையில் முதன்முதலில் மைக்கைக் கொடுத்தது இயக்கம் இல்லை, அந்தச் சபை. சாட்சி சொல்லு என்று கூப்பிட்டுக் கொடுத்தது. நான் கட்டத்துக்குள் எழுதிய காரணம் பொய்யில்லை, ஆனால் அவர்கள் சொன்னதை அழித்துவிட்டு எழுதினேன்.

இன்றைக்கும் நான் பறை அடிக்கிறேன். அது சாபம் என்ற அம்மாவின் எண்ணத்தை ஏற்கவில்லை. ஆயாவின் ஜெபமாலையை விக்கிரகம் என்று அம்மா குப்பையில் போட்டதையும் ஏற்கவில்லை, அதற்கு அவர் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் பாஸ்டர், சங்க வேலை உலகப்பிரகாரமானது, பெண்கள் ஆர்ப்பாட்டத்துக்குப் போகக் கூடாது என்று பிரசங்கித்தபோது நேரில் போய்ச் சண்டை போட்டேன், மறுபடியும் போடுவேன். அம்மாவிடம் எனக்கு வந்த தாழ்மை பாஸ்டரிடம் வரவில்லை. வர வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

சான்றிதழ் விஷயத்திலும் நாம் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துவை மட்டும் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறதா என்று 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம் நிரூபணம் கேட்டது. எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை பி.சி., பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளை காகிதத்தில் இந்து எஸ்.சி. ‘ஆண்டவரை மறுதலித்துச் சலுகை வாங்குகிறவர்கள்’ என்று இவர்கள் அவர்களைப் பேசுவார்கள். ‘பேருக்குக் கிறிஸ்தவர்கள்’ என்று அவர்கள் இவர்களைப் பேசுவார்கள். இரண்டு வீட்டுக்கும் ஊரில் ஒரே வசவுதான். இந்த நெருக்கடியை உண்டாக்கிய ஆணை டெல்லியில் பத்திரமாக இருக்கிறது, நாம் தெருவில் ஒருவர் விசுவாசத்தை ஒருவர் அளந்துகொண்டிருக்கிறோம்.

திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்தச் சுவரை விளக்க எனக்குத் தனித்திறமையே உண்டு. எங்கள் காலனியில் ஒரு சுவர் இருந்ததை ஒரு மழைக்காலத்தில்தான் கண்டுபிடித்தேன். பெந்தெகொஸ்தே சபைக்குக் கல்லறை கிடையாது. வாடகைக் கொட்டகைக்கே சிரமம். அவர்கள் சாவை ஏரிக்கரையில்தான் புதைத்தார்கள். அந்த வருஷம் ஏரி ரொம்பிவிட்டது. சபைக்காரப் பெண் ஒருவர் இறந்தார். மாதா கோயில் கல்லறைக்குப் பங்குக் கடிதம் கேட்டார்கள். எங்கள் சி.எஸ்.ஐ. கல்லறைக்குச் சந்தா கட்டிய ரசீது கேட்டோம். கேட்டோம் என்றுதான் சொல்கிறேன், அந்தக் கமிட்டியில் என் சித்தப்பா இருந்தார், என்னிடம் யோசனையும் கேட்டார். விதி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். ஊர்க் கல்லறையில் எங்களை விடாதவர்கள் சொன்ன அதே வாக்கியம். உடல் ஒரு பகல் ஓர் இரவு கொட்டகையில் கிடந்தது. பிறகு பக்கத்து ஊர் உறவினர் நிலத்துக்கு டிராக்டரில் ஏற்றிப் போனார்கள். டிராக்டருக்குப் பின்னால் நடந்த கூட்டத்தில் அம்மா இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்க்காரர்களிடம் நான் கேட்டுவந்த கேள்வி, யாருடைய இலை தள்ளிப் போகிறது என்பது, அன்றைக்கு எங்கள் தெருவிலேயே திரும்பி நின்றது. எங்களுக்குள் இருந்த ஞானஸ்நான வழக்கும் நகை வழக்கும் முதல் வகை வழக்குகள்தான். குழி தோண்ட இடமில்லை என்றதும் அவை இரண்டாம் வகை ஆகிவிட்டன. ஆக்கியவர்கள் நாங்கள்.

போன வருஷம் மார்ச்சில் மூன்று கோயில்காரர்களும் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தோம். உட்கார வைக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. யார் ஆரம்ப ஜெபம் செய்வது என்பதில் அரை மணி நேரம் போனது. கடைசியில் பேசாமல் எழுந்து நின்று அவரவர் மனதுக்குள் ஜெபித்தோம். சி.எஸ்.ஐ. கல்லறையின் கிழக்குப் பகுதியைச் சந்தா கேட்காமல் திறந்துவிடுவது, மூன்று பேருக்கும் பொதுவாகப் புறம்போக்கு நிலம் கேட்டு மனுக் கொடுப்பது, ஒருவர் அடக்கத்தில் மற்றவர் போய் உபதேசம் செய்யாமல் இருப்பது என்று பேசி முடிவானது. சபைக்காரர்களுக்கு இடம் கொடுத்தால் நம் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள் என்று சித்தப்பா கடைசி வரை முனகினார். அவர் பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இழுக்கத்தான் செய்கிறார்கள்.

பறை அடிக்கலாமா என்ற கேள்வி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா எழுந்தார், சபையில் சாட்சி சொல்கிற மாதிரி நேராக நின்றுகொண்டு, “செத்தவங்க வீட்ல கேட்டு அடிங்க. என் சாவுக்கு அடிக்கக் கூடாது. என் மவ சாவுக்கு அடிக்கணும்னா அடிச்சுக்குங்க, நான் இருக்க மாட்டேன்” என்றார். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தீர்மானப் புத்தகத்தில் அதையும் ஒரு தீர்மானமாக நான்தான் எழுதினேன். 41 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா ரேகை வைத்தார். மனு இன்னும் தாலுகா ஆபீசில் இருக்கிறது.